ஆன்லைனில் வாங்கும் ஏர்கன், பெல்லட்: பேக்கிங்கில் கவனிக்க வேண்டியவை

மளிகை வணிகர்கள் படிக்கும் இதழில் ஏர்கன்னைப் பற்றி என்ன பேச்சு என்று உறுப்பினர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம்மில் பலர் மளிகையோடு பேன்சி சாமான், விளையாட்டுச் சாமான், இரும்புச் சாமான் என்று ஏதாவது ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கொண்டுதான் கடை நடத்துகிறோம். பருப்பிலும் சீனியிலும் நிற்கும் காசு என்ன என்பது நமக்குத் தெரியும். திருவிழா சமயத்தில் பலூன் சுடும் கடைக்காரர்கள் ஏர்கன்னும் ஈயக் குண்டும் கேட்டு வருவார்கள். நாங்களும் இருபது வருடத்துக்கு மேலாக மாசித் திருவிழாவுக்கு முன்பு கொஞ்சம் வரவழைத்துக் கொடுத்து வருகிறோம்.

முன்பெல்லாம் இதற்குச் சென்னைக்கு ஆள் போக வேண்டும். பாரிமுனைப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கி, டப்பாவைத் திறந்து பார்த்து, பேரம் பேசி, நம் ஆளே கூட நின்று கட்டி, லாரியில் ஏற்றிவிட்டு வருவார். இப்போது வடநாட்டில் இருக்கும் தயாரிப்பாளரே ஆன்லைனில் விலை போடுகிறார். வாட்ஸ்அப்பில் ஆர்டர், வங்கியில் முன்பணம், பத்து நாளில் சரக்கு. இடைத்தரகு மிச்சம். ஆனால் சரக்கைக் கட்டும்போது நம் ஆள் பக்கத்தில் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை நாங்கள் சாதாரணமாக நினைத்தோம். அதற்குக் கொடுத்த விலையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

2023ஆம் வருடம் மாசிக்கு முன்பு 120 டப்பா பெல்லட்டும் 10 ஏர்கன்னும் ஆன்லைனில் ஆர்டர் கொடுத்தோம். மொத்தம் சுமார் 48,000 ரூபாய். லாரி பார்சலில் வந்தது. அன்று கடையில் கூட்டம். பார்சல் ஆபீசுக்குப் புதுப் பையனை அனுப்பினோம். அதே குட்டி யானையில் கமிஷன் மண்டியிலிருந்து துவரம் பருப்பு மூட்டைகளும் வர வேண்டியிருந்தது. பையன் பார்சல் ஆபீசில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். பெல்லட் பெட்டியைத் தூக்கிப் பருப்பு மூட்டைகளின் மேல் வைத்துக் கொண்டு வந்துவிட்டான். கடை வாசலில் இறக்கும்போதுதான் பெட்டியின் அடி பிளந்திருப்பது தெரிந்தது. வண்டிப் பலகை, மூட்டை மடிப்பு, சாக்கின் தையல் எங்கும் ஈயக் குண்டு.

இதை எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறோம் என்றால், பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். துவரம் பருப்பும் கிட்டத்தட்ட அதே அளவு. சல்லடையில் நிற்காது. காந்தம் வைத்துப் பார்க்கலாம் என்றார் ஒருவர். ஈயத்தைக் காந்தம் இழுக்காது. முறத்தில் கொழித்தால் கனமானது ஒதுங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஈயம் மெத்தென்ற உலோகம், உரசினால் பொடி விடும். அந்தப் பொடி பருப்பில் ஒட்டியிருந்தால் எந்த முறத்தாலும் பிரிக்க முடியாது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இரண்டு மூட்டைகளின் வாய்த் தையல் விட்டிருந்தது. அவை இரண்டையும் தனியாக எடுத்து வைத்தோம். மாட்டுத் தீவனத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். மாட்டுக்கும் ஈயம் ஆகாது என்பதால் கொடுக்கவில்லை. கணக்குப் பார்த்தால் பெல்லட்டில் போனதைவிடப் பருப்பில் போனதுதான் அதிகம்.

பெட்டி ஏன் பிளந்தது

வந்தவுடன் அனுப்பியவர் மேல் கோபம் வந்தது. ஆற அமர யோசித்தபோது விஷயம் விளங்கியது. ஒரு பெல்லட் சுமார் அரை கிராம். ஐந்நூறு குண்டு கொண்ட ஒரு டப்பாவில் கால் கிலோ ஈயம் இருக்கிறது. டப்பா எடை தனி. 120 டப்பா என்றால் முப்பத்தைந்து கிலோவைத் தொடும். அந்த 120 டப்பாவும் சிறிய பிஸ்கட் பெட்டி அளவு அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். அனுப்பியவரும் அப்படித்தான் அடக்கியிருந்தார். பார்ப்பவருக்கு அது லேசான பெட்டி. லோடுமேன் ஒரு கையால் இழுப்பார், வராது. பிறகு மூலையைப் பிடித்துப் புரட்டுவார். லேசான பெட்டி தூக்கி எறியப்படும், மிகக் கனமான பெட்டி இழுக்கப்படும் என்பது பார்சல் ஆபீசில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும். வடக்கிலிருந்து வரும் சரக்கு வழியில் மூன்று நான்கு கிடங்குகளில் இறங்கி ஏறுகிறது. சாதாரண மூன்று அடுக்கு அட்டை இதைத் தாங்காது. மேலே கண்ணாடி டம்ளர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நள்ளிரவில் இறக்குகிறவர் அதையெல்லாம் பார்த்துக் கொண்டிருக்க மாட்டார்.

பெல்லட்டுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. அது இடுப்பு ஒடுங்கிய உருவம். பின்பக்கம் பாவாடை போல விரிந்து, உள்ளே குழிவாக, விளிம்பு மிக மெல்லியதாக இருக்கும். சுடும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுகையில் அந்த விளிம்பு குழாயோடு ஒட்டிக் கொள்வதால்தான் காற்று கசியாமல் குண்டு நேராகப் போகிறது. டப்பாவுக்குள் இடம் காலியாக இருந்தால் வழியெல்லாம் குண்டுகள் ஒன்றோடொன்று மோதி விளிம்பு நசுங்கிவிடும். டப்பா மூடியிருக்கும், எண்ணிக்கையும் சரியாக இருக்கும், சரக்கு மட்டும் கெட்டிருக்கும். நல்ல தயாரிப்பாளர் மூடிக்கு உட்புறம் வட்டமான ஸ்பான்ஞ் வைத்திருப்பார். டப்பாவைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் கேட்டால் ஸ்பான்ஞ் இல்லை என்று அர்த்தம். ஈரம் பட்ட டப்பாவில் குண்டு வெள்ளையாகப் பூத்திருக்கும். அதையும் வாங்கக் கூடாது.

ஏர்கன் கதை வேறு. அது நீளமான சாமான். கனமெல்லாம் இரும்புக் குழாய்ப் பக்கம், கட்டை மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கும். பெட்டி செங்குத்தாக விழுந்தால் குழாய் முனை அட்டையைக் குத்திக் கொண்டு வெளியே வந்துவிடும். முனையில் இருக்கும் குறி பார்க்கும் பகுதி வளைந்துவிடும். குறுக்கே கனம் விழுந்தால் கைப்பிடி அருகே கட்டை ஒடுங்கும் இடத்தில் விரிசல் விடும். எங்களுக்கு வந்த பத்தில் இரண்டுக்கு விரிசல், ஒன்றுக்குக் குறி வளைவு. ஒரு பெட்டியில் குழாய் வெளியே நீட்டிக் கொண்டிருந்ததைப் பார்த்து பார்சல் ஆபீசில் யாரோ பயந்து போய்க் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் பில்லைக் காட்டி விளக்கம் சொல்லிவிட்டு வந்தோம். பேக்கிங் மோசமானால் அந்தச் செலவும் உண்டு.

நஷ்டம் யார் தலையில்

அனுப்பியவரைக் கேட்டோம். லாரிக்காரர்தான் உடைத்தார் என்றார். லாரிக்காரரைக் கேட்டோம். பேக்கிங் சரியில்லை என்றார். இரண்டும் உண்மைதான். இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று எங்கள் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதை உறுப்பினர்களுக்கும் சொல்கிறோம்.

1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, விற்பவர் லாரியில் சரக்கை ஒப்படைத்தாலே, வேறு ஏற்பாடு இல்லாத வரை, நம்மிடம் ஒப்படைத்தது போலத்தான். அதாவது வழியில் உடைவது பொதுவாக நம் பொறுப்பாகிவிடுகிறது. நம்மில் பலர் இதை நேர்மாறாக நினைத்துக் கொண்டிருக்கிறோம். ஆனால் அதே பிரிவில், சரக்கின் தன்மைக்குத் தக்கபடி லாரிக்காரரோடு நியாயமான ஏற்பாடு செய்து அனுப்ப வேண்டியது விற்பவர் கடமை என்றும் இருக்கிறது. 41ஆம் பிரிவு சரக்கைப் பிரித்துப் பார்க்க நமக்கு நியாயமான வாய்ப்பு வேண்டும் என்கிறது. 42ஆம் பிரிவில்தான் ஆபத்து. சரக்கை வைத்துக் கொண்டு, வேண்டாம் என்று சொல்லாமல் நாளைக் கடத்தினாலோ, அதில் கொஞ்சத்தை விற்றுவிட்டாலோ ஏற்றுக் கொண்டதாகவே கருதப்படும். ஆகவே பெட்டி உடைந்து வந்தால், நல்ல டப்பாவை விற்றுக் கொண்டே மீதிக்குச் சண்டை போடலாம் என்று இருக்காதீர்கள். முதலில் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். வேண்டாம் என்று தெரிவித்த சரக்கைத் திருப்பி அனுப்பி வைக்கும் கட்டாயம் நமக்கில்லை என்பது 43ஆம் பிரிவு.

லாரிக்காரர் விஷயத்துக்கு 2007ஆம் வருடத்துச் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. இது 2011 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. சேதத்துக்கு வழக்குப் போடுவதானால், சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். நம் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு இல்லை என்பதைக் கவனிக்கவும். அடுத்தது முக்கியமானது. கூடுதல் பொறுப்புக் கட்டணம் கட்டி அனுப்பாத சரக்குக்கு லாரிக்காரரின் பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்கோடு நின்றுவிடும். எங்கள் பார்சலுக்கு வாடகை 900 ரூபாய். 48,000 ரூபாய் சரக்கு முழுவதும் காணாமல் போயிருந்தாலும் 9,000 ரூபாய்க்கு மேல் கேட்டிருக்க முடியாது. ரயிலில் வரவழைப்பவர்களுக்கு இதைவிடக் கெடுபிடி. பேக்கிங் குறைபாடு என்று ஃபார்வர்டிங் நோட்டில் குறித்திருந்தால், ரயில்வேயின் அசட்டையை நாம் நிரூபித்தால்தான் நஷ்ட ஈடு.

சிலர் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்பார்கள். 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், மறு விற்பனைக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல. நம் ஜி.எஸ்.டி. எண் போட்டு பில் வாங்கினாலே அது கடைச் சரக்கு என்பது தெரிந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவருக்குப் பெரிய ஆன்லைன் கம்பெனிகள் கொடுக்கும் வசதியை நாம் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது. நம் கையில் இருப்பது ஆர்டர் கொடுக்கும்போது எழுதிக் கேட்பதும், சரக்கு வந்தவுடன் எழுதி வாங்குவதும்தான்.

எங்கள் விஷயத்தில் இரண்டாவது கை நழுவிவிட்டது. பையன் போட்ட கையெழுத்துக்கு மேலே ‘சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று அச்சடித்திருந்தது. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

ஆர்டரில் எழுத வேண்டியது

இப்போது நாங்கள் விலை பேசும்போதே பேக்கிங்கையும் பேசிவிடுகிறோம். ‘நன்றாகக் கட்டி அனுப்புங்கள்’ என்று எழுதினால் பிரயோஜனமில்லை. அவர் நன்றாகத்தான் கட்டினேன் என்பார். எடை, அடுக்கு, எண்ணிக்கை இவற்றில் எழுத வேண்டும். பெல்லட் டப்பா ஒவ்வொன்றுக்கும் மூடியைச் சுற்றி டேப். பத்துப் பத்து டப்பாவாக உள்பெட்டி. வெளிப்பெட்டி ஐந்து அடுக்குக்குக் குறையாத அட்டை, ஒரு பெட்டி பத்துக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது, அடியில் இரட்டை டேப், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பட்டை. இடைவெளியில் காகிதம் திணித்து, ஆட்டினால் அசையாமல் இருக்க வேண்டும். பெட்டியின் எடையை வெளியே எழுத வேண்டும். ஏர்கன் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெட்டி, குழாய் முனைக்கும் கட்டை முனைக்கும் தெர்மாகோல் தொப்பி. ஐந்துக்கு மேல் வாங்கினால் எல்லாவற்றையும் மரச்சட்டத்துக்குள் வைத்து அடித்து அனுப்பச் சொல்லுங்கள். மரச்சட்டத்துக்கு எங்களிடம் 700 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். ஒரு ஏர்கன்னின் கட்டை உடைந்தால் அதைவிட அதிகம் போகும் என்று கொடுத்துவிட்டோம்.

கட்டி முடித்ததும் திறந்த பெட்டி ஒன்று, மூடிய பெட்டி ஒன்று, தராசில் வைத்து ஒன்று என மூன்று படம் அனுப்பச் சொல்கிறோம். முன்பணத்தில் கொஞ்சத்தைப் படம் வந்த பிறகுதான் அனுப்புகிறோம். முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டது. முகம் பார்க்காத வியாபாரத்தில் இது தப்பில்லை. ‘வழிச் சேதம் விற்பவர் பொறுப்பு’ என்ற வரியையும் ஆர்டரில் சேர்த்து, ‘சரி’ என்று பதில் வாங்கி வைத்துக் கொள்கிறோம். மேலே சொன்ன 39ஆம் பிரிவிலிருந்து தப்பிக்க இந்த ஒரு வரிதான் வழி. சரக்கின் முழு மதிப்பையும் லாரி புக்கிங்கில் எழுதி, கூடுதல் கட்டணம் கட்டச் சொல்வதும் நல்லது. வாடகையை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது நம் கழுத்தை நாமே நெரித்துக் கொள்வதாகும்.

சரக்கை எடுக்கப் போகிறவர் கையில் ஒரு சிறு தராசு கொடுத்து அனுப்புங்கள். எல்.ஆரில் உள்ள எடைக்கும் பெட்டிக்கும் ஒரு கிலோ வித்தியாசம் இருந்தாலும் பெல்லட்டில் மூன்று நாலு டப்பா இல்லை என்று பொருள். பெட்டியின் ஆறு பக்கத்தையும் எல்.ஆர். எண் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். அடிப்பக்கத்தை யாரும் எடுப்பதில்லை. அதுதான் முதலில் போகும். கட்டு உடைந்திருந்தால் கிளார்க் முன்னாலேயே பிரிக்கக் கேளுங்கள். கையெழுத்துப் போட்டால்தான் பிரிக்கலாம் என்பார்கள். அப்போது கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘பெட்டி அடி பிளந்துள்ளது, எடை இவ்வளவு, உள்ளே பார்க்கவில்லை’ என்று பேனாவால் எழுதிவிட்டுப் போடுங்கள். அச்சடித்ததைவிடக் கையால் எழுதியதற்கு மதிப்பு உண்டு. அவர்கள் வைத்துக் கொள்ளும் பிரதியிலும் அதே வாசகம் இருக்க வேண்டும். அன்றைக்கே அனுப்பியவருக்கும் லாரிக்காரருக்கும் வாட்ஸ்அப்பில் ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று.

கடைக்குக் கொண்டு வந்ததும் இதை மளிகைச் சரக்கோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பதை இனிச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியிலும் சேர்த்து ஏற்றாதீர்கள். பிரிப்பதும் எண்ணுவதும் ஒரு தட்டின் மேல், கடைக்கு வெளியே. கை கழுவாமல் பருப்பில் கை வைக்கக் கூடாது. ஏர்கன்னைச் சோதிக்கும்போது குண்டு போடாமல் விசையை இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் பிஸ்டன் சீல் கெட்டுப் போகும். பிறகு சேதம் வழியில் வந்ததா நம் கடையில் வந்ததா என்று அனுப்பியவர் கேட்பார்.

கெட்ட சரக்கைக் கழிவு என்று நாமாகவே எழுதித் தள்ளினால், அதற்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியையும் திருப்ப வேண்டும். சரக்கும் போய் வரியும் போகும். அனுப்பியவரிடம் கிரெடிட் நோட் வாங்கிவிட்டால் சரக்கின் விலையாவது நமக்குக் குறையும். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் அது கணக்கில் ஏற வேண்டும் என்பதால் தள்ளிப் போடாமல் கேட்க வேண்டும்.

விற்கும் இடத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2016ஆம் வருடத்து ஆயுத விதிகளின்படி குழாயின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் வேண்டும். ஆன்லைனில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருக்கும். 0.177 என்று இருந்தால் 4.5, 0.22 என்று இருந்தால் 5.5, நாம் தொட வேண்டியது முதலாவதை மட்டும். தோட்டக்காரர்கள் குரங்குக்கும் மயிலுக்கும் வேண்டும் என்று வந்து கேட்பார்கள். அவர்கள் படும் பாடு நமக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தில் அது குற்றம், மயில் முதல் பட்டியலில் இருக்கிறது. அப்படிச் சொல்லிக் கேட்கிறவருக்கு நாங்கள் கொடுப்பதில்லை. மற்றவர்களிடமும் பெயர், முகவரி, அடையாளச் சான்று நகல் வாங்கி பில்லோடு வைக்கிறோம். சிறுவர்களுக்குக் கிடையாது.

எங்கள் 2023 கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திறந்தும் நசுங்கியும் போன 31 டப்பாவுக்கு, படத்தைப் பார்த்துவிட்டு அனுப்பியவர் கிரெடிட் நோட் கொடுத்தார். ஏர்கன் மூன்றுக்கும் கொடுக்கவில்லை. லாரிக்காரரிடம், நல்ல நிலையில் பெற்றதாகக் கையெழுத்து இருப்பதால், வாயே திறக்க முடியவில்லை. பருப்பு இரண்டு மூட்டையும் எங்கள் கணக்கில். அதே வியாபாரியிடம்தான் இன்னமும் வாங்குகிறோம். விலை நியாயமாக இருக்கிறது. அடுத்த மாசிக்குப் பத்துப் பத்துக் கிலோவாக நான்கு பெட்டி அனுப்பினார். ஒன்றின் மூலை நசுங்கியிருந்தது. கிளார்க் முன்னால் பிரித்ததில் இரண்டு டப்பா நெளிந்திருந்தன, குண்டு சிந்தவில்லை. அந்த இரண்டையும் பலூன் கடைக்காரரே பாதி விலைக்கு எடுத்துக் கொண்டு போனார்.